பதினைந்து சென்ரிமீற்றர்

ஏப்ரல் 6, சனி

நான் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நத்தாருக்குக் கொடுத்த டயறி இது. மூன்று மாதமாக மேசை லாச்சிக்குள் வெறுமையாகக் கிடந்தது. இன்று ஸ்டெய்னார் வந்துபோன பிறகு எடுத்தேன்.

ஸ்டெய்னார் எங்கள் ஊர் வேட்டைக் குழுவின் தலைவர். ஊர் என்றால் நோர்வேயின் கிழக்கே, சுவீடன் எல்லைக்குப் பக்கத்தில், ஓர் ஏரியும் நாலு தெருவும். செப்டெம்பர் முடிகிற நேரம் வாத்தியார் முதல் பல் வைத்தியர் வரை எல்லோரும் மரை வேட்டைக்குக் காட்டுக்குள் போய்விடுவார்கள். இங்கே அதை எல்க் என்பார்கள். நம்மூர் மரையை விட இரண்டு மடங்கு பெரியது. எனக்கு மரை என்றுதான் வாயில் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

என் கணவர் ஒன்பது வருடம் அந்தக் குழுவில் இருந்தார். போன நவம்பரில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே விழுந்தார். இதயம். அவருடைய துவக்கு நிலவறையில் இரும்பு அலுமாரிக்குள் நிற்கிறது. இருந்த காலத்தில் ஒருநாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாம் ‘இஞ்சேருங்கோ’தான். எழுத்தில் யார் கேட்கப்போகிறார்கள். பாலன் என்று எழுதுகிறேன்.

துவக்கை என் பேருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விற்க வேண்டும் என்று பொலிஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வேட்டைப் பரீட்சை நான் மார்ச்சில் பாஸ் பண்ணிவிட்டேன். ஏன் எழுதினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வகுப்பு செவ்வாயும் வியாழனும் பின்னேரம். அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

ஸ்டெய்னார் துவக்கை வாங்கி என் தோளில் வைத்துப் பார்த்தார். அவர் பேசியது நோர்வே மொழி. எழுதும்போது அவரை யாழ்ப்பாணத்து ஆள் ஆக்கிவிடுகிறேன், எனக்கு அதில் ஒரு சந்தோசம்.

“உங்களுக்கு இது நீளம், மலர். குழலைப் பதினைஞ்சு சென்ரிமீற்றர் வெட்டி, சைலன்சர் பூட்டினாச் சரி. பாலன் நிண்ட இடம் உங்களுக்குத்தான்.”

“வெட்டத்தான் வேணுமோ?”

“யோசியுங்கோ. ஒரு தாளில ரெண்டு பக்கமும் போட்டு எழுதிப் பாருங்கோ.”

இங்கே வேட்டைத் துவக்குக்கு சைலன்சர் போடுவது சாதாரணம், காதும் நாயின் காதும் தப்புவதற்காக. அதையும் சொல்லி வைக்கிறேன், படிப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடாது. யார் படிக்கப் போகிறார்கள் என்பது வேறு கதை.

ஏப்ரல் 9, செவ்வாய்

வெட்டுவதற்கு: என் உயரம் நாலடி பத்து அங்குலம். முன்பாரம் குறையும். பேர்ச் மரப் பற்றைக்குள் கிளை தட்டாது. சைலன்சர் பூட்டினால் எப்படியும் முன்னால் ஒரு சாண் நீளும், வெட்டாமல் பூட்டினால் அது துவக்கில்லை, கொடிக்கம்பம்.

வெட்டாமலிருக்க: சன்னத்தின் வேகம் கொஞ்சம் குறையுமாம். சைலன்சர் கழன்றால் சத்தம் முன்னையதை விடப் பெரிதாயிருக்கும். குறிபார்க்க முனையில் இருக்கும் குறிமுள் போய்விடும், மேலே பூட்டிய தொலைநோக்கி மட்டும்தான் மிஞ்சும். விற்க நினைத்தால் விலை போகாது.

பாலனுடைய துவக்கு.

கடைசி வரி எந்தப் பக்கத்தில் சேரும் என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. வெளியே இன்னும் பனி. சர்க்கரைப் பொங்கல் ஒரு சுண்டு அரிசியில் வைத்தேன், அதுவே மூன்று நாளைக்குக் காணும். ஒஸ்லோவில் இருக்கும் மகள் ஆரணி ரெலிபோன் எடுத்தாள்.

“அம்மா, அதை வித்துப்போடுங்கோ. துவக்கும் நீங்களுமாக் காட்டுக்க நிக்கிறதை யோசிக்கவே எனக்குப் பயமாக் கிடக்கு.”

“கொப்பா நிண்டவர்தானே.”

“அப்பா வேற.”

அவள் சொன்னது சரி. கோழி வெட்டும் நாட்களில் பாலன் குசினிப் பக்கமே வரமாட்டார். வாளைமீனின் தலையை நான் வெட்டும்போது ரேடியோவைக் கூட்டி வைப்பார். அப்படிப்பட்ட மனுசன் வருடா வருடம் மரை இறைச்சியோடு வந்தார் என்பதில் எனக்கு எத்தனை பெருமை. வறுத்த தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, தமிழ்ச் சங்கத்து ஆட்கள் இருபது பேருக்குக் கறி வைப்பேன். “இவர் சுட்டது” என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறுவேன். பாலன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அடக்கம் என்று நினைப்பேன்.

ஏப்ரல் 27, சனி

தையல் நாடாவால் குழலை அளந்தேன். ஐம்பத்தெட்டு. பதினைந்தை வெட்டினால் நாற்பத்துமூன்று. அது துவக்கா, உலக்கையா என்று சந்தேகம் வந்துவிட்டது. இரவு கனவில் துவக்கு வீட்டைவிட நீளமாயிருந்தது. அடி என் கட்டிலில், முனை ஏரிக்கு அந்தப் பக்கம். அந்த முனையில் யாரோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கேயிருந்து நான் மெதுவாகப் பேசினால் அங்கே கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை.

மே 4, சனி

துவக்குத் திருத்தும் இங்கர் வீட்டுக்குப் போனேன். ஐம்பது வயதுப் பெண், மாட்டுத் தொழுவத்தைப் பட்டறையாக்கி வைத்திருக்கிறாள். குழல் ஐம்பத்தெட்டு என்று நான் சொன்னதும் நாடாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“வெளியில தெரியிறதை அளந்திருக்கிறீர். குழலின்ர ஒரு பங்கு உள்ளுக்க ஒளிச்சிருக்கு.”

துவக்கின் போல்ட்டை மூடி, வாய்ப்பக்கமாக ஒரு நீளக் கம்பியை இறக்கி, நுனி தட்டுப்பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்தாள். அறுபத்தைந்து. அப்படித்தான் அளப்பார்களாம். நான் முப்பது வருடமாகத் தைக்கிறேன், மடிப்புக்குள் போகிற துணியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. துவக்கில் தோன்றவில்லை.

“நீர் எவ்வளவு தூரத்தில சுடுவீர்?”

“எண்பது மீற்றருக்கு அங்கால சுடமாட்டன்.”

“அப்ப வேகம் குறையிறதைப் பற்றி யோசிக்காதேயும். மரைக்கு அது தெரியப்போறதில்லை. ஆனா ஒண்டு, வெட்டினா வளராது. ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு முந்திச் சொல்லும். அதுக்குப் பிறகு எனக்குத் தலைக்கு மேல வேலை.”

குழலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு, நல்லாக வைத்திருந்திருக்கிறார் என்றாள். பாலன் எதையும் நல்லாகத்தான் வைத்திருப்பார். சப்பாத்தைக்கூட பெட்டிக்குள்தான் வைப்பார்.

மே 17, வெள்ளி

நோர்வேயின் தேசிய நாள். கொடி பிடித்துப் போனேன். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள், ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன்.

மே 26, ஞாயிறு

அலுமாரியைத் துப்பரவாக்கினேன். மேல்தட்டில் தோட்டாக்கள். பயிற்சிக்கு வாங்குகிற மலிவான பெட்டிகள் நாலைந்து, பாதி பாதியாக. வேட்டைக்கு வேறு தோட்டா, நுனி மென்மையானது, விலை கூடியது. அது ஒரேயொரு பெட்டி. திறந்து எண்ணினேன். இருபது. பெட்டிக்கு இருபதுதான்.

புதிதாக வாங்கியிருப்பார்.

மே 27, திங்கள்

பெட்டியில் ஒட்டியிருந்த விலைத் துண்டில் பேர் இருக்கிற கடை மூடி ஏழு வருடம். அந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.

இன்று இல்லத்தில் மீன் உருண்டை, வெள்ளைச் சோஸ், அவித்த கிழங்கு. ஒரு தாத்தா உப்புக் காணாது என்றார். உண்மைதான், போட மறந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

துவக்கு என் பேருக்கு மாறிவிட்டது. சுடுகளத்தில் முதல் நாள். பலகையில் மரைப் படம் கீறியிருக்கும், நெஞ்சுப்பக்கத்தில் ஒரு வட்டம், நூறு மீற்றரில் அதற்குள் அடிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் வேட்டைக்கு முன் இதில் பாஸ் பண்ணினால்தான் காட்டுக்குள் விடுவார்கள். பாலன் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. கடதாசி மரையை அவர் நல்லாகச் சுடுவார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். கடதாசி மரையை என்று ஏன் அழுத்திச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

படுத்துக்கொண்டு சுட்டால் எனக்கு வருகிறது. நின்று சுட்டால் மூன்றாவது மூச்சில் குழல் தாழ்கிறது. கடைசிப் பதினைந்து சென்ரிமீற்றரும் என் கையில் இல்லை, காற்றின் கையில் இருக்கிறது. ஆனால் குண்டு பட்ட இடத்தைப் பார்க்கப் போகும்போது நெஞ்சு எப்படி அடித்தது. எனக்கு இது பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்ல வெட்கமாயிருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வருடத்தின் மிக நீண்ட வெளிச்சம். ஏரிக்கரையில் தீ மூட்டினார்கள். சூரியன் போகிறது போலப் போய், மனம் மாறித் திரும்பி வருகிறது. இந்த நாட்களில் எது நேற்று எது இன்று என்று பிடிபடுவதில்லை. தண்ணீரில் மரங்கள் தலைகீழாக நின்றன. அக்கரையில் யாரோ நடந்து போனார்கள், நடை பாலனுடையது மாதிரி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அது வேறு யாரோ ஆகிவிடும்.

ஜூலை 14, ஞாயிறு

மழை. பாலன் வேட்டையிலிருந்து வந்து சொன்ன கதைகளையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு கதை. உடுப்பைக் கழற்றி, சூடு தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு சொல்லுவார்.

“மூடுபனிக்குள்ளால வந்தது, மலர். முதல் காது மட்டும் தெரிஞ்சுது. பிறகு முழுசா. கன்றும் பின்னால. மூச்சு வெள்ளையாப் போகுது. இருபது மீற்றர் இருக்கும். நிண்டு என்னைப் பாத்துது. நான் அதைப் பாத்தன்.”

“பிறகு?”

“பிறகென்ன. கொஞ்சத்தால எல்லாரும் சேந்து கோப்பி குடிச்சம்.”

ஒன்பது வருடமும் இதே கதைதான். சில வருடம் கன்று இல்லை, சில வருடம் பனி பெய்திருக்கும். வெடிச் சத்தம் ஒரு கதையிலும் இல்லை. நான்தான் அதைச் சேர்த்துக்கொண்டேன். சேர்த்துச் சங்கத்தில் சொன்னேன். அவர் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய்யெல்லாம் என்னுடையது.

இப்படி எழுதிவிட்டேனே தவிர, இன்னும் நம்பவில்லை. ஸ்டெய்னாரைக் கேட்க வேண்டும்.

ஓகஸ்ட் 3, சனி

கேட்டேன். படகுக்குத் தார் பூசிக்கொண்டு நின்றார். தூரிகையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“அவர் ஒருநாளும் சுடேல்லை. ரெண்டாம் வருசமே தெரியும். அவற்ற இடத்துக்கு முன்னால பனியில தடம் கிடந்தது. பெரிசு ஒண்டு, கன்று ஒண்டு. வெடி கேக்கேல்லை. ‘ஒண்டும் வரேல்லை’ எண்டு சொன்னார்.”

“பிறகேன் குழுவில வச்சிருந்தனீங்கள்?”

“உங்கட ரோல்ஸ்.”

வருடா வருடம் வேட்டைக்கு நான் கட்டிக் கொடுத்துவிடுகிற, இறைச்சி வைத்துச் சுற்றிப் பொரித்த ரோல்ஸ். நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு தூரிகையை வைத்தார்.

“இஞ்ச பாருங்கோ மலர். நாங்கள் எட்டுப் பேர் காட்டைச் சுத்தி நிக்கிறம். நாய் துரத்துது. எல்லாப் பக்கமும் அடைச்சுப்போட்டுச் சுடுறது எனக்கு எப்பவும் பிடிக்கிறதில்லை. ஏழாம் நிலையில பாலன் இருந்தா ஒரு பக்கம் திறந்து கிடக்கும். அந்த வழியைத் தெரிஞ்சுகொண்ட மரை தப்பட்டும். வருசா வருசம் ஒரு மரை குறைவாத்தான் சுடுவம். அதை ஒருத்தரும் வாய்விட்டுக் கதைக்கேல்லை. இறைச்சி எல்லாருக்கும் சமமாத்தான் பிரிச்சம்.”

எல்லாப் பக்கமும் அடைபட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்று ஸ்டெய்னாருக்குத் தெரியாது. பாலனுக்குத் தெரியும். யுத்தத்தில் யாழ்ப்பாணம் அடைபட்டுக் கிடந்தபோது நாங்கள் கிளாலிக் கடலால் தப்பி வந்த அந்த ஒரு வழி திறந்திருக்காவிட்டால் ஆரணி இல்லை, நான் இல்லை, இந்த டயறியும் இல்லை. ஸ்டெய்னாரிடம் அதைச் சொல்ல வாய் வந்தது. தார் மணத்தில் தும்மல்தான் வந்தது.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

ஒன்பது வருடம். விடியக் காலமை எழும்பி ஐம்பது ரோல்ஸ் சுற்றிக் கொடுத்தேன். வேட்டைக்காரனுக்கென்று நினைத்துச் சுற்றினேன்.

ஓகஸ்ட் 5, திங்கள்

கோபம் தீரவில்லை. சுடாததற்கல்ல. சொல்லாததற்கு. என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்று முழுக்க யோசித்தேன். சிரித்திருப்பேன். ஆரணியிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். சங்கத்திலும் சொல்லியிருப்பேன், என் வாய் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

தாளைத் திரும்ப எடுத்தேன். முன்பு எழுதிய காரணங்களெல்லாம் சின்னப் பிள்ளைக் கணக்காகத் தெரிகின்றன. இப்போது இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றுதான் இருக்கிறது.

வெட்டாவிட்டால்: துவக்கு அவருடையதாகவே இருக்கும். ஏழாம் நிலையில் மடியில் வைத்துக்கொண்டு இருக்கலாம். நீளம் ஒரு பொருட்டில்லை, தூக்கவே போவதில்லையே. மூடுபனியில் காதுகள் வரும், நின்று பார்க்கும், போகும். அவர் பார்த்ததை நானும் பார்ப்பேன். அதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றுகிறது.

வெட்டினால்: நான் சுடுவேன்.

அதுதான் உண்மை. நான் பாலன் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து கோழி வெட்டுகிறேன், கை நடுங்கியதில்லை, இறைச்சி தின்கிறவர்களில் யாரோ ஒருவர் அதைச் செய்யத்தானே வேண்டும். காட்டில் போய் நின்று அவர் மாதிரி இருந்துவிட்டு வந்தால் அது நடிப்பு. ஆனால் அவர் திறந்து வைத்த வழியில் நான் துவக்கோடு போய்க் குந்தினால் அது என்ன? அதற்குப் பேர் வைக்கவும் மனம் வரவில்லை.

அவர் இருந்தால் கேட்டிருப்பேன். ‘உமக்கு விருப்பமானதைச் செய்யும்’ என்றிருப்பார். எதைக் கேட்டாலும் அதுதான் பதில், அதைப் போல எரிச்சல் மூட்டுகிற பதில் உலகத்தில் இல்லை. இன்றைக்கு அந்தப் பதிலை ஒருதரம் கேட்க வேண்டும் போல இருந்தது. அழுதேன்.

ஓகஸ்ட் 17, சனி

வெட்டினேன்.

அதாவது இங்கர் வெட்டினாள். கடைசல் இயந்திரத்தில் குழலைப் பூட்டி, பச்சைப் பென்சிலால் கோடு போட்டு, என்னைப் பார்த்தாள்.

“இன்னொருக்கா யோசிக்கிறீரோ?”

“ஏப்ரலில இருந்து யோசிக்கிறன். வெட்டும்.”

“இதில அவற்ற பேர் ஏதும் வெட்டியிருக்கோ எண்டு பாத்தனான். இல்லை.”

“அவர் எதிலயும் பேர் எழுதுற ஆளில்லை.”

சத்தம் பெரிதாக வரும் என்று காதைப் பொத்தினேன். வரவில்லை. ஊசிமுனை தகரத்தில் இழுபடுவது போல ஒரு சின்னச் சத்தம், எண்ணெய் மணம், பிறகு ‘டொக்’ என்று துண்டு தட்டில் விழுந்தது. அவ்வளவுதான். நாலு மாதம் யோசித்த காரியம் ஒரு கோப்பி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

துண்டைத் துணியில் சுற்றித் தந்தாள். இளஞ்சூடாயிருந்தது. முனையில் அவருடைய குறிமுள் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து யன்னல் பக்கம் பிடித்து உள்ளே பார்த்தேன். பயறளவு வெளிச்சம், அதைச் சுற்றி வரிகள் சுழன்று சுழன்று போகின்றன. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஓகஸ்ட் 31, சனி

சுடுகளப் பரீட்சை. ஐந்து வெடி, ஐந்தும் வட்டத்துக்குள். நின்றபடி தூக்கினால் முன்பாரம் இல்லை, துவக்கு தானாகத் தோளுக்கு வருகிறது, அகப்பை பிடித்த மாதிரி. ஆரணிக்குப் படம் அனுப்பினேன். ‘அம்மா நீங்கள் பயங்கரம்’ என்று எழுதியிருந்தாள். வாழ்த்தா திட்டா என்று கேட்கவில்லை.

செப்டெம்பர் 22, ஞாயிறு

குழுக்கூட்டம், ஸ்டெய்னார் வீட்டில். சுவரில் காட்டின் வரைபடம், நிலைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை இலக்கம். ஒவ்வொருவர் பேரையும் ஒட்டிக்கொண்டு வந்தார். ஏழுக்கு முன்னால் என் பேரோடு நின்றார்.

“எனக்கு நாலாம் நிலையைத் தாங்கோ” என்றேன்.

“நாலு ஆற்றங்கரை. ஆண்மரை வாற வழி. அதில சுட வேணும் மலர்.”

“அதுக்குத்தான் கேக்கிறன்.”

நாலில் நிற்கிற பல் வைத்தியர் தன்னுடைய கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு முழங்கால் வருத்தம், ஒன்றாம் நிலை ரோட்டோரம்தானே, அதில் நிற்கிறேன் என்றார். ஒன்றில் நிற்கிற பையனும் நாயோடு நடக்கத் தனக்கு விருப்பமென்றான்.

“அப்ப ஏழு?” என்று ஸ்டெய்னார் கேட்டார்.

“ஏழில பாலன்தானே நிக்கிறவர்.”

ஸ்டெய்னார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையைத் துழாவி, போன வருடத்துச் சீட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, ஏழாம் இலக்கத்தில் ஒட்டினார். ஸ்டெய்னாரின் கையெழுத்தில் ‘பாலன்’ என்று இருந்தது. பசை பிடிக்காமல் ஒரு மூலை எழும்பி நின்றது. விரலால் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

செப்டெம்பர் 24, செவ்வாய்

ரோல்ஸ் ஐம்பது. மழை தூறுகிறது. துவக்கு, தோட்டா, கத்தி, கம்பளிக் காலுறை இரண்டு சோடி, பாலனின் செம்மஞ்சள் தொப்பி. குழல் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

செப்டெம்பர் 25, புதன்

மழை விட்டுவிட்டது. ஆற்றங்கரையில் மூடுபனி முழங்கால் வரை. பேர்ச் இலைகள் மஞ்சளாகி, காற்றே இல்லாமல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. தூரத்தில் நாய் ஒருதரம் குரைத்து நிறுத்தியது. நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு வெளிச்சம். நான் பாதி நித்திரையில் இருப்பது போல இருந்தேன், ஆனால் ஒவ்வோர் இலை விழுவதும் கேட்டது.

எட்டரைக்கு ஆண்மரை வந்தது. பாலன் சொன்னது போலவே முதலில் காது. பிறகு கொம்பு, பிறகு அந்தப் பெரிய நெஞ்சு. ஐம்பது மீற்றர். பற்றைக்குள்ளால் துவக்கு ஒரு கிளையிலும் தட்டாமல் மேலே வந்தது. மூச்சை விட்டேன். சுட்டேன்.

சைலன்சரால் வெடி அமுங்கிக் கேட்டது, கனமான புத்தகத்தை மூடியது மாதிரி. மரை நாலு அடி நடந்து, முன்னங்கால் மடிந்து, ஆற்றுப் புல்லில் சரிந்தது. நான் போகும்போது அது முடிந்திருந்தது. கழுத்தில் கை வைத்தேன், அவ்வளவு சூடு. சந்தோசமும் இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் உண்மை. மன்னிப்புக் கேட்டேன், நன்றியும் சொன்னேன். தமிழில்தான். பிறகு சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கத்தியை எடுத்தேன். ஸ்டெய்னார் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது.

“உங்களுக்கு ஆர் படிப்பிச்சது?”

“எங்கட வீட்டுக் குசினி.”

கோப்பி குடித்தார்கள், ரோல்ஸ் தின்றார்கள், முதுகில் தட்டினார்கள். தோட்டாப் பெட்டியில் இப்போது பத்தொன்பது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் ஏழாம் நிலைக்கு நடந்தேன். போனதேயில்லை, இவ்வளவு வருடத்தில் அந்த இடத்தைப் பார்த்ததேயில்லை. பாசி பிடித்த ஒரு கல், ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு மேலே வழுவழுப்பாயிருந்தது. முதுகு சாய ஒரு பைன் மரம். முன்னால் கறுத்த சேற்று நிலம், இரவு மழையில் கழுவித் துடைத்த கரும்பலகை மாதிரிக் கிடந்தது.

அதில் புதுத் தடம். பெரியது ஒன்று, பக்கத்தில் கன்று. காலையில் நாங்கள் எல்லோரும் மற்ற ஏழு இடத்திலும் நின்ற நேரத்தில் வந்திருக்கின்றன. பற்றைக்குள்ளால் நேராக வந்து, கல்லுக்கு இருபது மீற்றர் முன்னால் தடம் நின்றுவிட்டது. நாலு குளம்பும் ஆழமாகப் பதிந்து, அதே இடத்தில் கால் மாற்றி மாற்றி வைத்த அடையாளம். முகம் கல்லுப் பக்கம். கன்று இரண்டுதரம் அதைச் சுற்றியிருக்கிறது. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறது. பிறகுதான் தெற்கே, சதுப்பைக் கடந்து, மெதுவாக நடந்து போயிருக்கிறது.

பையிலிருந்த துண்டை எடுத்து, பாலன் கோப்பிக் கோப்பை வைத்து வைத்துப் பாசி தேய்ந்திருந்த வட்டத்தில், கல்லின் மேல் வைத்தேன். பக்கத்தில் இருந்தேன். வெளிச்சம் குறையும் வரை அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் முழுக்க வந்து எனக்கு ஆறுதல் சொன்னது. அந்தத் தாய்மரைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.